முற்றத்துக் கம்பியும் தொலைதூர மகனும்



2025 செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்க நாட்டில் ஏஓஎல் என்னும் நிறுவனம், தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றிப் பெறும் இணையச் சேவையை முற்றாக நிறுத்தியது. 'டயல்-அப்' என்று நாம் அழைத்து வந்த அச்சேவைக்கு நம் நாட்டில் இன்று வேலையே இல்லை. நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் அதன் ஓசையைக் கேட்டதில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவை விடைபெற்ற போது பெரியவர்கள் சிலரேனும் பெருமூச்சு விட்டனர். டயல்-அப் மறைந்ததற்கு அந்தப் பெருமூச்சும் கிட்டவில்லை.

எனினும் அது நமக்குக் கற்பித்துச் சென்ற பாடம் ஒன்று உண்டு. இணைப்புக் கிடைக்காத வேளையில் எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதே அப்பாடம். கம்பிகளுக்கு மட்டுமன்றிக் குடும்பங்களுக்கும் அது பொருந்துவதால், இத்திங்கள் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத விழைகிறோம்.

முதலில், அது எவ்வாறு இயங்கியது என்பதை இளையோருக்காகச் சொல்லி வைப்போம். 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்து விடப்பட்டது; சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் மட்டுமே அன்று அதைப் பெற முடிந்தது. 1998இல் தனியாருக்கும் இத்துறை திறக்கப்பட்டது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் சிற்றூர்களில் தொலைபேசி உள்ள வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. சிற்றூர்களுக்குத் தொலைபேசி வந்த கதையும் நினைக்கத் தக்கதே. 1984இல் தொடங்கப்பெற்ற சி-டாட் என்னும் அரசு ஆய்வு நிறுவனம், குளிரூட்டும் அறை இல்லாமலேயே நம் நாட்டு வெப்பத்திலும் தூசியிலும் இயங்கக் கூடிய சிறிய தொலைபேசி நிலையங்களை உருவாக்கிற்று. அவற்றுள் முதலாவது 1986இல் கருநாடகத்துக் கித்தூரில் அமைந்தது. பிறகே ஊர்தோறும் மணி ஒலிக்கலாயிற்று.

அந்தக் கம்பி மனிதக் குரலுக்காக இடப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையுள்ள ஒலிகளை மட்டுமே தொலைபேசி வழி கடத்தும். கணிப்பொறியின் மொழியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆனது. ஆகவே அக்குறிகளை ஒலியாக மாற்றி அனுப்பவும், வந்த ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றவும் ஒரு சிறு கருவி தேவைப்பட்டது. அதுவே மோடம். 'மாடுலேட்டர்', 'டிமாடுலேட்டர்' என்னும் இரு சொற்களின் துண்டுகளை ஒட்டி அப்பெயர் செய்தனர். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நமக்கு அச்சொல்லின் வேர் இனிமை தருவது. 'மோதுலாரி' என்றால் அளவோடு இசைத்தல், தாளத்திற்கு இயையப் பாடுதல் என்பது பொருள். உண்மையில் அக்கருவி பாடத்தான் செய்தது, கேட்பவர் காதைப் பொத்திக் கொள்ளும் அளவுக்கு.

அப்பாட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் நாம் ரிசீவரைத் தூக்கினால் கேட்கும் டயல் டோன். அடுத்து எண்கள் அழுத்தப்படும் ஒலி. பிறகு எதிர்முனையில் மணி. மணியை எடுத்த எதிர்முனை மோடம், 'நான் இருக்கிறேன்' என்பது போல் 2,100 அதிர்வில் நீண்ட சீழ்க்கை ஒன்றை எழுப்பும். அதன் பின் இரண்டும் தத்தம் திறமைகளை ஒன்றுக்கொன்று அறிவிக்கும். அடுத்து, தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பல ஒலிகளை ஒருங்கே விடுத்து, இடையிலுள்ள கம்பி எவற்றை நன்கு கடத்துகிறது, எவற்றை விழுங்கி விடுகிறது என்று சோதிக்கும். கடைசியாகப் பெருமழை ஓட்டின் மேல் பெய்வது போன்ற இரைச்சல். அந்த இரைச்சல் அடங்கி அமைதி வந்தால் இணைப்புக் கிட்டிற்று என்று பொருள்.

அமைதி வராத நாள்களும் பல. அப்போது கணிப்பொறித் திரையில் ஓர் எண் தோன்றும். டயல் டோன் இல்லையென்றால் 680. எதிர்முனை வேறொருவரோடு பேசிக் கொண்டிருந்தால் 676. எதிர்முனை பதில் அளிக்கவில்லை என்றால் 678. பெயரோ கடவுச் சொல்லோ பொருந்தவில்லையெனில் 691. இவ்வெண்களை மனப்பாடமாக வைத்திருந்த இளைஞர்கள் அந்நாளில் ஊருக்கு ஒருவரேனும் இருந்தனர்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் உள்ள குமராட்சிப் பகுதியில் நாம் பணியாற்றிய காலம் அது. தெற்கே கொள்ளிடம், எத்திசையில் நோக்கினும் நெல் வயல். பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் அங்குப் பல. அவற்றுள் ஒன்று, கணவனை இழந்த ஒரு தாயின் குடும்பம். மூத்த மகன் குவைத்தில் வேலையில் இருந்தான். இளையவள் பிளஸ் டூ தேர்வு எழுதிக் கொண்டிருந்தாள். விடுப்பில் வந்த மகன், பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்து, மோடத்தையும் இணைத்து, வாரம் இருமுறை மின்னஞ்சல் வந்து விழுமாறு எல்லாவற்றையும் அமைத்து விட்டுச் சென்றான். வெளிநாட்டுத் தொலைபேசிக் கட்டணம் கூலிக்காரனின் கைக்கு எட்டாத காலம் அன்றோ!

2003 மார்ச்சு 20ஆம் நாள் ஈராக் போர் மூண்டது. அன்றே ஈராக்கிலிருந்து குவைத்தை நோக்கியும் ஏவுகணைகள் பாய்ந்தன. அந்நகரில் அபாயச் சங்கு ஊதிற்று. 1990 ஆகஸ்டில் அந்நாடு படையெடுப்புக்கு உள்ளானதையும், ஒரு இலட்சத்து எழுபதாயிரம் அளவிலான இந்தியர்கள் விமானங்களில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டதையும் நம் மக்கள் மறக்கவில்லை. ஆகையால் ஊரில் வானொலிப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடிற்று. அந்தத் தாயின் வீட்டிலோ அதற்குப் பத்து நாள்களுக்கு முன்பிருந்தே மின்னஞ்சல் வரவில்லை. கணிப்பொறி ஒவ்வொரு மாலையும் 678, 678 என்றே சொல்லிக் கொண்டிருந்தது.

23ஆம் நாள், ஞாயிறு மாலை, நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். அத்தாய் இரவு உணவை விட்டு மூன்று நாளாயிற்று என்று அயலார் வழியிலேயே சொல்லினர்.

"எதிர்ப்பக்கம் பதில் இல்லை என்றே பெட்டி சொல்கிறது, சாமி. அவன் இருக்கிறானா என்றே தெரியவில்லை" என்றார் அவர்.

"அம்மா, அந்த எண் உங்கள் மகனைப் பற்றியது அன்று. பக்கத்து ஊரில் இருக்கும் ஓர் இயந்திரத்தைப் பற்றியது. முதலில் அதைக் கேட்போம்" என்றோம்.

'சிதம்பரத்துக்குச் சென்று கடையில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்திருக்கலாமே' என்று வாசகர்கள் வினவலாம். மகன் தந்து சென்ற கடவுச் சொல் திரையில் வெறும் நட்சத்திரங்களாகவே நின்றது. அதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. வீட்டுப் பெட்டி ஒன்றே அதை அறியும்.

தேடலை அருகிலிருந்து தொடங்கினோம். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தோம். டயல் டோன் தெளிவாக இருந்தது. ஆகவே வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்துக்கும் இடையே கம்பி அறுபடவில்லை. அடுத்து, உள்ளறையில் இருந்த இரண்டாவது தொலைபேசியைக் கழற்றி விட்டு, மோடத்தைச் சுவர்ப் பெட்டியோடு நேரே இணைத்தோம். ஒரே கம்பியில் இரு கருவிகள் தொங்கினால் ஒன்றின் கோளாறு மற்றொன்றைக் கெடுக்கும். மாற்றம் எதுவும் இல்லை. 'டயல் டோனுக்குக் காத்திரு' என்னும் கட்டளை நீக்கப்பட்டிருந்ததா என்றும் பார்த்தோம். அமெரிக்காவில் 350, 440 என்னும் இரு சுருதிகள் இணைந்தது டயல் டோன். நம் நாட்டிலோ 400 சுருதியை 25ஆல் அசைத்துச் செய்வது. அந்நாட்டுக்கென அமைந்த மோடம், நம் ஊர் ஓசையை ஓசையாகவே கொள்ளாமல் வாளாவிருப்பது உண்டு. மகன் அதையும் முன்பே நீக்கி வைத்திருந்தான். எண்ணும் சரியே.

இனி எஞ்சியது பாட்டைக் கேட்பது. மோடத்தின் ஒலியைக் கூட்டி வைத்து அந்தச் சிறுமியும் நாமும் செவி சாய்த்தோம். மணி ஒலித்தது. எதிர்முனை எடுத்தது. நீண்ட சீழ்க்கை தெளிவாக வந்தது. திறமைகளைப் பரிமாறிக் கொண்டன. கம்பியைச் சோதிக்கும் ஒலிகளும் வந்தன. மழை இரைச்சல் தொடங்கிற்று, நின்றது, மீண்டும் தொடங்கிற்று, நின்றது. பிறகு 678.

அருமை வாசகர்களே, இங்குச் சற்றே நில்லுங்கள். 'எதிர்முனை பதிலளிக்கவில்லை' என்று திரை கூறிற்று. நம் செவியோ எதிர்முனை பதிலளித்ததைக் கேட்டது. இரண்டு மோடங்களும் பேச முயன்றன; ஒன்றையொன்று புரிந்து கொள்ளும் அளவுக்கு இடையிலுள்ள கம்பி தெளிவாக இல்லை. கணிப்பொறி தன்னால் இயலாததை எதிரியின் மௌனமாக எழுதிக் காட்டிற்று.

சிறுமி ஒரு நல்ல வேலை செய்திருந்தாள். தேர்வு அட்டவணையின் பின்புறத்தில், எந்நாள் எந்நேரம் முயன்றாள், என்ன நேர்ந்தது என்று குறித்து வைத்திருந்தாள். மாலையிலும் இரவிலும் எப்போதும் தோல்வி. ஒரே ஒரு நண்பகலில் இரண்டு நிமிடம் இணைப்பு நின்று பிறகு அறுந்தது. மாலையில் கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று எழும். நண்பகலில் தென்னங்கீற்று அசையாது. நாம் ரிசீவரைக் காதில் வைத்துக் கொண்டு, ஓர் எண்ணை மட்டும் அழுத்தி டயல் டோனை அடக்கி விட்டு, அமைதியில் உற்றுக் கேட்டோம். வாசலில் காற்று வீசும் போதெல்லாம் மெல்லிய கரகரப்பு எழுந்து அடங்கிற்று. பேசும் மனிதனுக்கு அது ஒரு பொருட்டன்று. நம் செவி விட்டுப்போன எழுத்தைத் தானே நிரப்பிக் கொள்ளும். விநாடிக்குப் பல்லாயிரம் குறிகளை எண்ணும் கருவிக்கோ அந்தக் கரகரப்பு, படிக்கும் ஏட்டில் மை கொட்டியது போலாகும்.

டார்ச்சு விளக்கோடு முற்றத்துக்கு வந்தோம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியின் நடுவே, சைக்கிள் டியூப் துண்டால் சுற்றிய ஒரு முடிச்சு தெரிந்தது. அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிச் சென்ற டிராக்டர் ஒன்று இரண்டு வாரங்களுக்கு முன் அக்கம்பியை இழுத்து அறுத்ததாம். அயல்வீட்டு இளைஞர் ஒருவர் அன்றே உதவும் எண்ணத்தோடு இரு முனைகளையும் முறுக்கிக் கட்டியிருந்தார். தொலைபேசி உடனே பேசிற்று. ஆகையால் எவரும் அதை மறுபடி நினைக்கவில்லை. முறுக்கிய முனைகளில் பனி இறங்கிற்று. உலோகத்தின் மேல் களிம்பு படிந்தது. காற்றில் அசையும் போதெல்லாம் தொட்டும் தொடாமலும் நின்றது.

மறுநாள் 198இல் முறையீடு பதிவு செய்யச் சொன்னோம். 'தொலைபேசி வேலை செய்யவில்லை' என்று சொன்னால், வருபவர் டயல் டோனைக் கேட்டு விட்டுத் திரும்பிப் போவார். ஆகவே, "பேச்சு வருகிறது, காற்றில் கரகரக்கிறது, கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே முறுக்கிய இணைப்பு உள்ளது" என்று சிறுமி தாளில் எழுதி வைத்துப் படித்துக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை பகலில் லைன்மேன் புதிய கம்பிச் சுருளோடு வந்தார். முடிச்சுள்ள துண்டைத் திருத்தாமல், கம்பம் முதல் சுவர் வரை ஒரே கம்பியாக மாற்றினார். அரை மணி நேர வேலை.

அன்று மாலை மழை இரைச்சல் ஒருமுறை பெய்து ஓய்ந்தது. திரையில் 31,200 என்னும் வேகம் தோன்றிற்று. இன்றைய பிள்ளைகள் நகைப்பர். ஆயினும் எழுத்தாலான கடிதத்துக்கு அது தாராளமே. ஒன்று வந்திறங்க ஒரு விநாடி போதும். ஏழு கடிதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை மகள் படிக்க, தாய் தரையில் அமர்ந்து கேட்டார்.

முதல் இரண்டில் வழக்கமான செய்தி. மூன்றாவதில், "ஏன் பதில் இல்லை?" நான்காவது 20ஆம் நாளுடையது: "சங்கு ஊதியது, நாங்கள் எல்லாரும் நலம், கவலைப்பட வேண்டாம்." ஐந்தாவதில், "முகாமில் தொலைபேசிக்கு நீண்ட வரிசை. இரண்டு இரவு நின்று அழைத்தேன். இரண்டு முறையும் நம் வீட்டு எண் வேலையாக இருந்தது." அந்த இரவுகளில் தங்கை இணைப்புக்காக மீண்டும் மீண்டும் முயன்று கொண்டிருந்தாள், ஒரே கம்பி, ஆகவே அண்ணனின் மணி உள்ளே வர இடமில்லை. ஆறாவதில், "அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறீர்கள்."

ஏழாவதைப் படிக்கும் போது சிறுமியின் குரல் தடுமாறிற்று. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்து விட்டதாகவும், புதன்கிழமை காலை மேலாளரிடம் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் அவன் எழுதியிருந்தான். விசாவுக்காக வாங்கிய கடன் பாதிக்கு மேல் நிலுவையில் இருந்ததை அவ்வூரார் அறிவர். அன்று செவ்வாய்.

தாய் எழுந்து முகம் கழுவி வந்தார். "எழுது" என்றார். "அம்மா நலம். கம்பி அறுந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நீ எழுதிக் கொடுக்காதே. சங்கு ஊதினால் சொல்வதைக் கேட்டு உள்ளே இரு." மேலும், அயல்வீட்டுத் தொலைபேசி எண்ணையும் சேர்க்கச் சொன்னார். அது நமக்குத் தோன்றாத யோசனை. அம்மடல் இரவு எட்டு மணிக்குச் சென்றது. குவைத்தில் அப்போது ஐந்தரை. ஒன்பதரைக்குப் பதில் வந்தது: "படித்தேன். கொடுக்கவில்லை." 29ஆம் நாள் விடியுமுன் குவைத் நகரின் கடைவீதி ஒன்றின் அருகே ஏவுகணை விழுந்த செய்தி வானொலியில் வந்த போது, அவன் நலம் என்னும் கடிதமும் அன்றே வந்து சேர்ந்தது. அவன் ஒப்பந்தம் முடிய இருந்து கடனை அடைத்தே திரும்பினான்.

இதிலிருந்து மூன்று செய்திகளை இல்லத்தார் முன் வைக்கிறோம்.

முதலாவது, தேடலின் ஒழுங்கு. அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் விளைந்ததையும் தாளில் குறியுங்கள். இன்று உங்கள் வீட்டில் கண்ணாடி இழைக் கம்பியும் வைஃபை பெட்டியும் இருக்கலாம். அதற்கும் இதுவே முறை. மின்சாரம் உண்டா, கம்பி செருகியுள்ளதா, ஒரு கருவிக்கு மட்டுமா எல்லாவற்றுக்குமா என்று பார்த்த பின்னரே நிறுவனத்தை அழைப்பது நன்று. அழைக்கும் போதும், கண்டதைக் கண்டவாறு சொன்னால் வருபவர் சரியான கருவியோடு வருவார். கடவுச் சொல்லை வீட்டில் இருவரேனும் அறிந்திருப்பதும் நன்று.

இரண்டாவது, 'எதிர்முனை பதிலளிக்கவில்லை' என்னும் சொல்லை உடனே நம்பி விடாதீர்கள். வெளியூர் சென்ற மகன், மணமாகிப் போன மகள், கோபித்துச் சென்ற தம்பி ஆகியோரின் மௌனத்தை நாம் எளிதில் அவர்கள் குற்றமாக எழுதி விடுகிறோம். அவர்களும் அங்கே நம் மௌனத்தைப் பற்றி அவ்வாறே எழுதிக் கொண்டிருக்கக் கூடும். அந்தத் தாயும் மகனும் இரு வாரம் ஒருவருக்காக ஒருவர் ஏங்கினர். இருவரும் பதிலளித்துக் கொண்டேதான் இருந்தனர்.

மூன்றாவது, அவசரத்தில் முறுக்கிய முடிச்சு. குடும்பத்தில் ஒரு சச்சரவு எழுகிறது. பெரியவர் ஒருவர் வந்து இருவர் கையையும் சேர்த்து வைக்கிறார். மறுநாளே பேச்சு வந்து விடுகிறது. 'சாப்பிட்டாயா', 'மழை பெய்ததா' என்னும் அளவுக்கு அக்கம்பி போதும். கடன், நோய், நிலப் பங்கு, பிள்ளையின் திருமணம் ஆகிய கனமான செய்திகள் வரும் நாளில்தான் அது தாங்காது என்பது தெரிய வரும். உதவிக்கு வந்து முடிச்சிட்டவரை நோவதில் பயனில்லை. அன்றைய தேவைக்கு அவர் செய்தது நன்மையே. ஆனால் காற்று அடங்கிய ஒரு பகலில், இருவரும் அமர்ந்து, கம்பம் முதல் சுவர் வரை புதிய கம்பி இழுத்துக் கொள்வது நன்று. நாம் கண்ட வரையில் அதற்கு அரை மணி நேரம் போதும். அதைத் தொடங்கத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன.

இத்திங்கள் உங்கள் இல்லத்தில் நெடுநாளாய்ப் பதில் வராத ஓர் எண் இருக்குமாயின், அதை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். வேலையாக இருந்தால், அயல்வீட்டு எண்ணையும் முயன்று பாருங்கள்.